மணலில் இடும் முட்டைகள்: கரைப் பறவைகளின் இனப்பெருக்கமும் கடற்கரை நிர்வாகமும்

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கடற்கரை மணல்வெளி பெரும்பாலும் புறம்போக்கு என்றே குறிக்கப்பெறுகிறது. உழவுக்கு உதவாத, வரி விதிக்கப்பெறாத, எவருக்கும் உரிமையற்ற நிலம் என்பது அச்சொல் தரும் பொருள். ஆனால் அந்நிலத்தில் நாள்தோறும் வலை உலர்கிறது, மீன் காய்கிறது, படகு கரையேறுகிறது. புயற் காலங்களில் அலையின் வேகத்தைத் தணித்து ஊரைக் காப்பதும் அம்மணல்மேடுதான். இவற்றோடு, நிலத்தையோ மரத்தையோ நாடாமல் வெறும் மணலிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவையினங்களுக்கு அதுவே பிறப்பிடமாகவும் விளங்குகிறது. பயன் இல்லை என்று பதிவேடு கூறும் நிலத்துக்கு உண்மையில் எத்தனை பயன்கள் உண்டு என்பதை இப்பறவைகளின் நிலையைக்கொண்டு ஆராய்வது, கடற்கரை நிர்வாகத்தைப் பயில்வோர்க்கும் நடத்துவோர்க்கும் பயன் தருவதாகும்.

இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் நீளமுடையது என்று நெடுங்காலம் கூறப்பட்டுவந்தது. நவீன முறைகளில் மறுபடியும் அளந்ததில் அது சுமார் 11,098 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வளைவுகளையும் கழிமுகங்களையும் நுணுகி அளந்ததால் நீளம் கூடியதே அன்றி, மணற்பரப்பு கூடிவிடவில்லை. பறவைகளுக்குத் தேவை நீளமன்று. அலை எட்டாத, ஆள் நடமாட்டம் குறைந்த, அகன்ற மணல்வெளியே. அத்தகைய இடங்கள் அருகிவருகின்றன என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

கரைப் பறவையும் அதன் கூடும்

நம் கடற்கரைகளில் காணப்பெறும் கரைப் பறவைகளை இரு பிரிவாகக் கொள்ளலாம். உள்ளான் முதலிய பல இனங்கள் வடதுருவத்தை அடுத்த நாடுகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தைக் கழிக்க மட்டும் இங்கு வருவன. மற்றொரு பிரிவு இங்கேயே வாழ்ந்து இங்கேயே கூடு கட்டுவது. முதற்பிரிவைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இரண்டாம் பிரிவைப் பற்றிப் பேசப்படுவதில்லை. ஆயினும் பொறுப்பு என்ற நோக்கில் பார்த்தால் இரண்டாம் பிரிவே நமக்கு முதன்மையானது. வலசை வரும் பறவையின் பிறப்பிடத்தைப் பிற நாடுகளும் பேணலாம். இங்குப் பிறக்கும் பறவைக்கு வேறு நாடில்லை.

இப்பிரிவில் குறிப்பிடத்தக்கது அனுமன் உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய இப்பறவை, உலகின் பல பகுதிகளில் வாழும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையினமாக 1915-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. நூறாண்டுக்கு மேலாக அவ்வாறே கருதப்பட்டும் வந்தது. இலங்கையின் மன்னார்ப் பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறநாட்டு அறிஞர்களும் இணைந்து நடத்திய ஆய்வில், உடலளவுகள், இறகின் நிறம், மரபணு ஆகிய மூன்றிலும் இது வேறுபட்ட தனி இனம் என்பது 2023-இல் நிறுவப்பெற்றது. இராமர் பாலத்தை அடுத்த பகுதியில் வாழ்வதால் அனுமன் பெயர் இதற்கு இடப்பட்டது. தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம்.

இக்கண்டுபிடிப்புக்கு நிர்வாக முறையிலும் ஒரு விளைவு உண்டு. பல கண்டங்களில் பரவிய இனத்தின் ஒரு பகுதி என்று கருதப்பட்டவரை, இங்கு எண்ணிக்கை குறைந்தாலும் உலக அளவில் கவலை எழுவதற்கு இடமில்லை. தனி இனம் என்று தெளிவானபின், இரு நாடுகளின் சில கடலோர மாவட்டங்களே அதன் முழு உலகம் என்றாகிறது. அந்த மாவட்டங்களின் நிர்வாகம் எடுக்கும் முடிவுகளே அதன் எதிர்காலத்தை முடிவுசெய்யும்.

உப்புக்கொத்தியின் கூடு என்பது மணலில் மார்பால் அழுத்தியும் காலால் கீறியும் அமைத்த ஆழமற்ற குழியே. அதில் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடப்பெறும். மணல் நிறத்தில் கரும்புள்ளிகளும் கோடுகளும் கொண்ட முட்டைகள், இரண்டடி தொலைவில் நிற்பவர் கண்ணுக்கும் புலப்படா. ஏறத்தாழ 25 நாட்கள் அடைகாக்கப்பெறும். நண்பகலில் கடற்கரை மணல் கால் வைக்க இயலாத அளவுக்குக் கொதிக்கும். அவ்வேளையில் பெற்றோர் முட்டையைச் சூடாக்குவதற்காக அன்று, நிழல் தந்து குளிர்விப்பதற்காகவே அமர்கின்றன. மார்பு இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டையின்மேல் அமர்வதும் உண்டு. மனிதரோ நாயோ நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்து, சிறகொடிந்ததுபோல் நடித்துத் தடுமாறியவாறே பகையை வேறுபுறம் இட்டுச்செல்லும். அந்த நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. எனவே, முட்டையை எவரும் தொடாமலே கூடு அழிந்துபோக இயலும். கடற்கரையில் வெறுமனே அமர்ந்து பொழுது போக்குவோரும் தம்மை அறியாமல் சேதம் விளைவிக்கக்கூடும் என்பதை இதனால் உணரலாம்.

மற்றொரு பறவை சிற்றாலா. ஆலா இனத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான இது, கூட்டமாக மணல்திட்டுகளில் முட்டையிடுகிறது. மூன்று வாரம் அடைகாக்கிறது. உப்புக்கொத்திக் குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் தானே நடந்து இரை தேடும். ஆலாக் குஞ்சோ, பறக்கும்வரை பெற்றோர் கொண்டுவரும் சிறு மீனை நம்பியே வாழும். ஆகவே, முதலாவதற்கு ஈரமணலுக்கும் மணல்மேட்டுக்கும் இடையே தடையற்ற வழி வேண்டும். இரண்டாவதற்குக் கரையை அடுத்து மீன்குஞ்சு நிறைந்த ஆழங்குறைந்த நீர் வேண்டும். மணற்பரப்பைமட்டும் வேலியிட்டுக் காத்து, கழிமுகத்தைக் கழிவுநீர்க்கு விட்டுவிடுவதால் பயனில்லை.

இரு கடற்கரைகள்

பாறசாலையிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கடல். பூவாரில் நெய்யாறு கடலை அடைகிறது. அங்கிருந்து பொழியூர், அடுத்துக் கொல்லங்கோடு, நீரோடி என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அன்று வரையப்பெற்ற எல்லை கடற்கரையை இரண்டாக்கியது. மக்களின் மொழியையும் உறவையும் தொழிலையும் அது பிரிக்கவில்லை. அலையும் மணலும் எல்லையை அறிவதில்லை, பறவையும் அவ்வாறே.

நெய்யாறு கடலில் கலக்குமிடத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே மணல் திரண்டு திட்டாக நிற்கிறது. வெள்ளக் காலத்தில் திட்டு உடைந்து பொழி திறக்கும், கோடையில் அடையும். பொழியூரின் பெயரிலேயே இவ்வியற்கை பதிந்துள்ளது. உலகெங்கும் உப்புக்கொத்தியும் ஆலாவும் விரும்பிக் கூடு கட்டுவது இத்தகைய ஆற்றுமுகத் திட்டுகளிலேயே. செடி வளர்ந்து மூடாத புது மணல், இருபுறமும் நீர், அருகில் இரை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதே அதற்குக் காரணம்.

ஆயினும் இக்கரையில் இயற்கையே சில தடைகளை விதித்துள்ளது. தென்னிந்தியக் கரைப் பறவைகள் முட்டையிடும் காலம் பெரும்பாலும் கோடையை ஒட்டியது. திருவனந்தபுரம் மாவட்டக் கரையிலோ ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. பேரலைகள் மணலை வாரிக்கொண்டு செல்கின்றன. எனவே, பறவைக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. மன்னார் வளைகுடாப் பகுதி அம்மழையின் மறைவில் இருப்பதால், அங்கு அதே மாதங்களில் மழை அரிது. மணல்திட்டுகள் நிலைத்து நிற்கின்றன. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட திட்டுகளில் ஆலாக்கள் பெருமளவில் கூடு கட்டுவதற்கு ஆள் நடமாட்டக் குறைவோடு இதுவும் ஒரு காரணமாகும்.

இயற்கையின் தடையோடு மனிதன் விளைவித்தவையும் சேர்ந்துள்ளன. ஆறு கொண்டுவரும் மணலே கடற்கரையின் முதலீடு. அணைகள் அதைத் தேக்குகின்றன. ஆற்று மணல் அள்ளப்படுகிறது. கடலோரமாக நகரும் மணலை துறைமுகத் தடுப்புச்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் ஒருபக்கம் சேர்த்து, மறுபக்கம் பஞ்சமாக்குகின்றன. வரவு குறைந்து செலவு தொடர்ந்தால் எந்தக் கணக்கும் வற்றும், கடற்கரையும் அவ்வாறே. பொழியூர், கொல்லங்கோடு பகுதிகளில் கடலரிப்பால் வீடுகளும் சாலைகளும் அழிந்துள்ளன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இதே கரையின் மீனவர் பலர் உயிரிழந்தனர். இத்தகைய மக்களிடம் சென்று, பறவைக்காக இடம் ஒதுக்குக என்று கூறுவது எளிதன்று; நீதியும் ஆகாது. ஆனால் மணலை இழந்ததே இரு சாராரின் துயரத்துக்கும் மூலம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், மீனவர் நலனும் பறவையின் நலனும் முரண்பட்டவை அல்ல என்பது விளங்கும். அலைக்கல் சுவர் எழும்பிய இடத்தில் படகு ஏற்ற இடமில்லை, கரமடி இழுக்க இடமில்லை, முட்டையிடவும் இடமில்லை.

சேதத்தின் கணக்கு

கூடு கட்டும் பறவைக்கு நேரும் கேடுகளை ஐந்தாக வகுக்கலாம். முதலாவது, மணற்பரப்பே குறைதல். இரண்டாவது, கரையில் வாகனங்கள் ஓடுதல். மூன்றாவது, மீன்கழிவும் உணவுக்கழிவும் குவிவதால் பெருகும் நாய்களும் காக்கைகளும். நான்காவது, கூட்ட நெரிசலால் பெற்றோர் கூட்டைவிட்டு அடிக்கடி எழுதல். ஐந்தாவது, நன்னோக்குடன் செய்யப்படும் சவுக்கு நடவு. மணலை நிறுத்த இயல்பாக வளரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் போதுமான இடங்களிலும் சவுக்கு நெருக்கமாக நடப்பெறுகிறது. திறந்த வெளியில் பகைவரைத் தொலைவிலேயே கண்டு எச்சரிக்கை கொள்ளும் பறவை, அத்தகைய இடத்தை விட்டு அகன்றுவிடும்.

இக்கேடுகள் ஒவ்வொன்றும் தனித்து நோக்கும்போது சிறியனவாகவே தோன்றும். ஆனால் அவை நாள்தோறும் திரள்வன. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கொள்ளலாம். ஒரு கூடு ஒரு நாளைத் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 97 விழுக்காடு எனில், 25 நாளும் தப்பும் கூடுகள் நூற்றுக்கு 47. அந்த வாய்ப்பு 93 விழுக்காடாகக் குறைந்தால், தப்புவன நூற்றுக்கு 16 மட்டுமே. நாளொன்றுக்கு 4 விழுக்காடு என்ற வேறுபாடு, பருவ இறுதியில் மூன்றில் இரு பங்கு விளைச்சலை அழித்துவிடுகிறது. கூட்டு வட்டியைப் பயின்றவர்க்கு இது புதிதன்று. இதன் மறுபக்கமே நம்பிக்கை தருவது: நாள்தோறும் நேரும் கேட்டைச் சிறிதளவு குறைத்தாலே விளைவு பெரிதாக இருக்கும், பெருஞ்செலவுத் திட்டம் தேவைப்படாது.

சட்டம் கூறுவது

சட்டத்தில் குறை இல்லை எனலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடுதல் என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதன்முதலாக வெளியிடப்பெற்று, 2011-இலும் 2019-இலும் புதுப்பிக்கப்பெற்றது. மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகைப் பகுதிகளாக அது குறிப்பிடுவனவற்றுள் சதுப்புக்காடு, பவளப்பாறை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவற்றோடு பறவைகள் கூடு கட்டும் இடங்களும் உள்ளன.

இடர்ப்பாடு எழுவது வரைபடத்தில். சதுப்புக்காட்டைச் செயற்கைக்கோள் படத்தில் காணலாம். அது ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். உப்புக்கொத்தியின் கூடோ உள்ளங்கை அளவு. அதன் ஆயுள் ஒரு மாதம். அடுத்த ஆண்டு பொழி நகர்ந்தால் கூடும் நகரும். ஆகவே, வரைபடம் தயாரிப்போர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. வரைபடத்தில் இல்லாத இடத்துக்குச் சட்டத்தின் காப்பும் நடைமுறையில் கிட்டுவதில்லை.

2019 அறிவிக்கை மற்றொரு மாற்றத்தையும் செய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில், கட்டடம் எழுப்பலாகாத எல்லை உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் என்பது 50 மீட்டர் எனக் குறைக்கப்பெற்றது. நெருக்கமாக வாழும் கடலோர மக்களின் வீட்டுத் தேவையைக் கருதியது இது, அத்தேவை உண்மையானதே. ஆனால் கரை அரிக்கப்படும் இடத்தில் 50 மீட்டர் என்பது சில பருவங்களில் கரைந்துபோகும் தொலைவு. மக்கள்தொகை செறிந்த தென் கேரளம், குமரி மாவட்டக் கரைகளில் இச்சலுகையைப் பயன்படுத்துகையில், ஆற்றுமுகத் திட்டுகளைத் தனியே பிரித்துக் காணுதல் இன்றியமையாததாகிறது.

பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கூடு கட்டும் பைப்பிங் உப்புக்கொத்தி, 1980-களின் இடைப்பகுதியில் அழிவுக்குள்ளாகும் இனமாக அறிவிக்கப்பெற்றபோது சுமார் 790 இணைகளே இருந்தன. கூடுகளைச் சுற்றிக் கயிறு கட்டுதல், முட்டைக் காலத்தில் வாகனங்களை நிறுத்துதல், நாய்களைக் கட்டுப்படுத்துதல் ஆகிய எளிய முறைகள் ஆண்டுதோறும் விடாது கடைப்பிடிக்கப்பெற்றன. 2021-க்குள் எண்ணிக்கை 2,000 இணைகளைத் தாண்டியது. கலிபோர்னியாவின் கோல் ஆயில் பாயின்ட் கடற்கரையில் சுமார் முப்பது ஆண்டுகளாகக் கூடே இல்லாதிருந்தது. 2001-இல் ஒரு சிறு பகுதியைக் கயிற்றால் பிரித்துத் தொண்டர்களை நிறுத்தியதும் உப்புக்கொத்திகள் மறுபடியும் அங்கே முட்டையிட்டன. இரண்டிலும் கடற்கரை மக்களுக்கு மூடப்படவில்லை, பங்கிடப்பட்டது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உள. சம்பல் ஆற்று மணல்திட்டுகளில் கூடு கட்டும் ஸ்கிம்மர் என்னும் அரிய நீர்ப்பறவையைக் காக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கரையோர ஊர்மக்களையே கூட்டுக் காவலர்களாக அமர்த்தியது. சென்னையில் 1988 முதல் மாணவர் குழுவினர் இரவுதோறும் கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகின்றனர். வட கேரளத்தின் கொளாவிப்பாலத்தில் 1990-களின் தொடக்கத்தில் மீனவ இளைஞர்களே இப்பணியை மேற்கொண்டனர். தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதத்தில் பெரும் பூநாரைச் சரணாலயம் தமிழ்நாடு அரசால் அறிவிக்கப்பெற்றது. 1964 புயலில் அழிந்த ஊரை அடுத்த ஈரநிலங்கள் அதனால் சட்டக் காப்புப் பெற்றன.

ஆமைக்குச் செய்வதை அப்படியே பறவைக்குச் செய்ய இயலாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆமை முட்டையைப் பெயர்த்துப் பொரிப்பகத்தில் புதைக்கலாம். தாய் திரும்பி வருவதில்லை. பறவை முட்டையைப் பெயர்த்தால் அடைகாக்கும் பெற்றோர் அதனைக் கைவிடும். பொரித்த குஞ்சும் வழிகாட்டியின்றி மடியும். கூடு எங்கு உள்ளதோ அங்கேயே அதைக் காத்தல் ஒன்றே வழி.

செய்யத்தக்கவை

இவற்றைத் தொகுத்து நோக்கினால், மாவட்ட, ஊராட்சி அளவிலேயே தொடங்கத்தக்க பணிகள் சில தெளிவாகின்றன.

முதலாவது, பதிவு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருத்தல் வேண்டும். கூடு காணப்பெற்ற இடம், நாள், முட்டை எண்ணிக்கை ஆகியவற்றை அப்பதிவேட்டில் ஆண்டுதோறும் எழுதிவந்தால், கடற்கரை மண்டல வரைபடத்தைத் திருத்தும்போது அதுவே சான்றாகும். அரசு அலுவலர் ஆண்டுக்கொருமுறை வந்து காணாததை, நாள்தோறும் கரையில் நடக்கும் கரமடித் தொழிலாளர் காண்பர். அவர் அறிவுக்குப் பதிவேட்டில் இடமளிப்பதே முதற்படி.

இரண்டாவது, காலப் பகுப்பு. ஆண்டு முழுவதும் தடை விதிப்பதற்குப் பதிலாக, மார்ச் முதல் பருவமழைவரை ஆற்றுமுகத் திட்டின் மேற்பகுதியை மட்டும் கயிறிட்டு ஒதுக்கலாம். படகு இறக்கும் வழியும் வலை இழுக்கும் இடமும் மீனவரைக் கலந்தே விடப்பெற வேண்டும். சுற்றுலாப் படகுகள் திட்டில் பயணிகளை இறக்குவதை அம்மாதங்களில் வேறிடத்துக்கு மாற்றலாம்.

மூன்றாவது, கழிவு அகற்றல். மீன்கழிவை நாள்தோறும் அகற்றினால் நாய்களும் காக்கைகளும் குறையும். இதனால் முதலில் பயனடைவது ஊர்மக்களின் உடல்நலம். பறவைக்குக் கிடைப்பது உபரிப் பயன்.

நான்காவது, ஊதியம். கூட்டுக் காவல் என்பது உழைப்பு. கடல் கொந்தளித்துத் தொழிலற்றிருக்கும் நாட்களில் இப்பணியை மீனவக் குடும்பங்களுக்கு ஊதியத்துடன் அளித்தால், பாதுகாப்பின் சுமை ஏழைகள்மீது விழாது. பயன் நாடு முழுமைக்கும் உரியதாயின், செலவும் நாடு முழுமைக்கும் உரியதே. பொதுநிதிக் கோட்பாட்டின் அடிப்படைப் பாடம் இது.

ஐந்தாவது, மாநிலங்களிடை ஒத்துழைப்பு. பூவாரிலிருந்து நீரோடிவரை மணல் ஒரே ஓட்டமாக நகர்கிறது. ஒரு மாநிலம் எழுப்பும் தடுப்புச்சுவரின் விளைவு மற்றதன் கரையில் தோன்றலாம். மணல் வரவு-செலவைத் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்கள் கூட்டாக அளப்பது, வீட்டையும் கூட்டையும் ஒருங்கே காக்கும் முயற்சியாகும். வலசைப் பறவைகளுக்கான மைய ஆசிய வான்வழிக்கு இந்தியா 2018-இல் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. வலசை வரும் இனங்களுக்காகத் தொலைநாடுகளோடு இணங்கிச் செயல்பட இயலுமெனில், எல்லைக்கல் ஒன்றால் பிரிந்த இரு மாவட்டங்கள் இணங்குவது அரிதன்று.

2024 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தனது சிவப்புப் பட்டியலில் வலசைக் கரைப்பறவைகள் 16 இனங்களின் ஆபத்து நிலையை உயர்த்தியது. நம் கரைக்குக் குளிர்காலத்தில் வரும் சில இனங்களும் அவற்றுள் அடங்கும். சதுப்புநிலமும் மணற்கரையும் உலகெங்கும் சுருங்குவதன் அறிகுறி இது. உள்நாட்டில் கூடு கட்டும் பறவைகளின் நிலை அறிவிக்கைகளில் இடம்பெறும்முன் களத்தில் அறியப்பட வேண்டும்.

நாட்டின் வளர்ச்சியைக் கட்டி முடித்த பாலங்களாலும் துறைமுகங்களாலும் அளப்பது வழக்கம். கட்டாமல் விட்ட இடங்களுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒரு பருவத்தில் ஒரு திட்டின் மேல்முனையை இரண்டு மாதம் விட்டுவைப்பதன் செலவு, சில கயிறுகளும் சிலரின் கூலியுமே. அதற்கு ஈடாகக் கிடைப்பது, தென்னிந்தியாவையும் இலங்கையையும் அன்றி வேறெங்கும் பிறக்காத ஓர் இனத்தின் அடுத்த தலைமுறை. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நிலையான பயன் தரும் திட்டங்கள் பொருளாதாரத்தில் அரியனவே.